வத்தல்மலை இறக்கத்துக்கு எந்த பிரேக்? சூடு போகும் இடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும் லாரிகளைக் கவனித்தவர்களுக்கு பிரேக் சூடாவதைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிவிட்டு, பிரேக்கை மட்டும் நம்பி வரும் வண்டியிலிருந்து முதலில் கருகல் வாடை வரும், பிறகு புகை வரும். அதற்கப்புறம் பெடல் மிதிபடும், வண்டி நிற்காது. சின்ன கியரில் இறங்குகிற ஓட்டுநர் பாதி வேலையை எஞ்சினிடம் ஒப்படைத்துவிடுவார்.

சைக்கிளுக்கு அந்த வழி கிடையாது. மிதிக்காதபோதும் சக்கரத்தைத் தனியாகச் சுழலவிடும் ஃப்ரீவீல் இருப்பதால் எந்த கியரில் போட்டாலும் இறக்கத்தில் அது நியூட்ரல் லாரிதான். உயரத்தில் சேர்ந்த சக்தி முழுவதும் மூன்றே வழியில் வெளியேறும்: எதிர்க்காற்று, டயர் உருளும் தேய்மானம், பிரேக். முதல் இரண்டும் விட்டுவைத்த மிச்சம் மொத்தமும் பிரேக்கில் சூடாக மாறுகிறது. டிஸ்க் பிரேக்கில் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்வது சக்கரத்தோடு சுழலும், நூறு கிராம் சொச்சம் எடையுள்ள ஒரு மெல்லிய எஃகுத் தட்டு; அதற்குப் பெயர் ரோட்டார்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கியர் சைக்கிள் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “ஒயர் டிஸ்க் இருக்கு, ஆயில் டிஸ்க்குக்கு மாறலாமா?” எங்கள் கணிப்பில் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முன் சக்கர ரோட்டாரின் அளவு முதலில் வரும். ரோட்டாரை இருபுறமும் கவ்வும் பேட் எதனால் ஆனது என்பது அடுத்தது. லிவரிலிருந்து அந்தப் பேட்டை நகர்த்துவது ஒயரா ஆயிலா என்பது அதற்கும் பிறகு. காரணம் கணக்கில் இருக்கிறது.

எவ்வளவு சூடு?

ஆளும் சைக்கிளும் தண்ணீர் பாட்டிலும் சேர்த்து 90 கிலோ என்று வையுங்கள். 500 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 440 கிலோஜூல் சக்தி வெளியேற வேண்டும். தர்மபுரி ஊருக்கும் வத்தல்மலை உச்சிக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ இந்த அளவுதான். சரிவு 8 சதவீதம் என்றால் பாதையின் நீளம் ஆறேகால் கிலோமீட்டர்.

இந்தப் பாதையில் ஒரே சீரான வேகத்தில் இறங்குவதாகக் கணக்குப் போட்டால் ஒரு வேடிக்கை தெரியும். நிமிர்ந்து உட்கார்ந்து, மலை சைக்கிள் டயரோடு, மணிக்கு 15 கிலோமீட்டரில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் பிரேக்கில் நொடிக்கு நொடி விழும் சூடு சுமார் 245 வாட். 30 கிலோமீட்டரில் அது 365 வாட் ஆகிறது. 40 கிலோமீட்டருக்குப் போனால் கூட வேண்டியது, 310 வாட்டுக்கு இறங்கிவிடுகிறது. எதிர்க்காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், வேகம் கூடக் கூட காற்றே அதிகப் பங்கை எடுத்துக்கொள்கிறது. பிரேக்கையே தொடாமல் விட்டால் அந்தச் சரிவில் சைக்கிள் எந்த வேகத்தில் போய் நிலைக்குமோ, அதில் சுமார் 58 சதவீத வேகம்தான் பிரேக்குக்கு மிக மோசமான வேகம். நம் உதாரணத்தில் அது மணிக்கு 31 கிலோமீட்டர். பயந்தும் பயப்படாமலும் இறங்குகிறவர்கள் பிடிக்கிற வேகமும் கிட்டத்தட்ட அதுவேதான்.

அப்படியென்றால் 15 கிலோமீட்டரில் ஊர்ந்து இறங்குவது நல்லதா? நொடிக்கணக்கில் பார்த்தால் சூடு குறைவு. ஆனால் 25 நிமிடம் இறங்க வேண்டும், மொத்தச் சக்தியில் 83 சதவீதம் பிரேக்கிலேயே விழும். ஊர்கிற வேகத்தில் ரோட்டாரை ஆற்றுவதற்குக் காற்றும் அடிக்காது. 40 கிலோமீட்டரில் பிரேக்கின் பங்கு மொத்தத்தில் 40 சதவீதம்தான். கொண்டை ஊசி வளைவில் 40-இல் போகச் சொல்லவில்லை. வளைவுக்கும் வளைவுக்கும் நடுவில் ரோடு நேராகவும் காலியாகவும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் சைக்கிளை ஓடவிட வேண்டும், அவ்வளவுதான். லாரிக்காரருக்கு எஞ்சின் செய்கிற வேலையை நமக்குக் காற்று செய்கிறது. இறக்கத்தில் குனியாமல் நெஞ்சை நிமிர்த்தி உட்காருவதும் ஒரு பிரேக்தான்.

365 வாட் என்பது சாதாரண இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் பாதி. 160 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரோட்டார் ஒன்றின் எடை சுமார் 120 கிராம். அதை ஒரு டிகிரி சூடாக்க 60 ஜூல் போதும். முன் பிரேக்கை மட்டும் பிடித்து, காற்றே அடிக்கவில்லை என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு ஆறு டிகிரி ஏறும். ஒரு நிமிடத்துக்குள் 300 டிகிரி செல்சியஸ் கூடிவிடும்.

இன்னொரு கோணம்: நேர்ப்பாதையில் 40-இல் வந்து, வளைவுக்கு முன் 15-க்குக் குறைக்கிறீர்கள். வெளியேறும் சக்தி 4,800 ஜூல். எடை முன்னால் சாய்வதால் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் முன் பிரேக்கில் விழும். அந்த ஒரே பிடியில் முன் ரோட்டார் 55 டிகிரி ஏறும். வத்தல்மலையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபதுக்கு மேல். இருபதை 55-ஆல் பெருக்கினால் வரும் 1,100 டிகிரி நிஜத்தில் வருவதில்லை. இடைவெளியில் ரோட்டார் ஆறுகிறது. அந்த இடைவெளியிலும் லிவரை லேசாகப் பிடித்துக்கொண்டே வருபவர் தன் ரோட்டாருக்கு ஆறுவதற்கு நேரமே கொடுப்பதில்லை.

எடை இங்கே வஞ்சகமாக விளையாடும். 90 கிலோ 110 ஆனால் எடை 22 சதவீதம்தான் கூடுகிறது. ஆனால் மிக மோசமான வேகத்தில் பிரேக்கில் விழும் சூடு 35 சதவீதம் கூடுகிறது. கேரியரில் பையோடு ஒகேனக்கல் போய்த் தங்கி வருகிறவர்கள், மெலிந்த நண்பர் சொல்லும் “எனக்கு ஒண்ணும் ஆகலையே” என்ற சான்றை நம்பி பிரேக் வாங்கக் கூடாது.

ரிம் பிரேக்கிலேயே இருந்துவிடலாமா?

சக்கரத்தின் விளிம்பையே கட்டையால் கவ்வும் ரிம் பிரேக் இளக்காரமாகப் பார்க்க வேண்டிய பொருள் அல்ல. அலுமினிய ரிம் ஒன்று சுமார் 500 கிராம். அலுமினியத்தின் வெப்பக் கொள்ளளவும் எஃகைவிட அதிகம். ஆகவே ஒரு ரிம் ஒரு டிகிரி ஏற 450 ஜூல் தேவை, அதாவது சின்ன ரோட்டாரைப் போல ஏழரை மடங்கு. பரப்பும் பெரியது. காய்ந்த ரோட்டில், நல்ல பிரேக் கட்டையோடு, வி-பிரேக் பூட்டிய அலுமினிய ரிம் சைக்கிள் ஒகேனக்கல் இறக்கத்தைச் சிரமமில்லாமல் சமாளிக்கும்.

சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. டிஸ்க்கில் சூடு நடுவில் இருக்கும், டயர் பக்கம் போகாது. ரிம்மில் சூடு விழுகிற இடத்துக்கு அடுத்த பக்கமே டியூப். ரிம் சூடேறினால் உள்ளே காற்றழுத்தம் கூடும். அதைவிட, பங்க்சர் ஒட்டு இளகும். சொல்யூஷன் போட்டு ஒட்டிய பேட்ச் ரிம் பக்கமாக இருந்தால் சூட்டில் ஓரம் தூக்கிக்கொண்டு, பாதி மலையில் காற்று இறங்கிவிடும். டியூபில் நாலைந்து ஒட்டு வைத்திருப்பவர்கள் மலைக்குப் போகும் முன் டியூபை மாற்றிவிடுவது பிரேக்கை மாற்றுவதைவிட அவசரமான வேலை. நனைந்த ரிம்மில் தண்ணீர் வழிந்து துடைபடும்வரை பிடிப்பு வராது என்பது அடுத்த குறை.

கம்பி பிரேக் வைத்த கறுப்பு சைக்கிளோடு, எஃகு ரிம்மோடு, மலை இறங்குவதைப் பற்றி ஒப்பீடே வேண்டாம். மழையில் எஃகு ரிம்மில் கட்டை பிடிப்பதேயில்லை.

சைக்கிளில் டிஸ்க் பூட்டும் இடம் ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் இல்லாவிட்டால், கிளாம்ப் போட்டு டிஸ்க் மாட்டும் யோசனையைக் கைவிடுங்கள். டிஸ்க் இழுக்கும் விசை முழுவதும் ஃபோர்க்கின் ஒரே காலில் விழும்; அதற்காகச் செய்யாத ஃபோர்க் அதைத் தாங்காது.

ஒயரா, ஆயிலா?

ஒயர் டிஸ்க்கில் கொதிக்க எதுவும் இல்லை, அதன் பெரிய பலம் அதுதான். லிவரிலிருந்து, பேட்களைத் தாங்கி நகர்த்தும் கேலிப்பர்வரை எஃகு ஒயர். ரோட்டார் எவ்வளவு சூடானாலும் ஒயர் இழுக்கும். சூட்டில் தோற்பது பேட் மட்டும்தான். ஒயர் எங்கும் கிடைக்கும், அறுந்தால் பெண்ணாகரத்திலோ பாலக்கோட்டிலோ எந்தச் சைக்கிள் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம்.

பலவீனமும் உண்டு. விலை குறைந்த ஒயர் கேலிப்பரில் ஒரு பக்கப் பேட் மட்டும் நகரும், மறுபக்கம் நிலையாக இருக்கும். நகரும் பேட் ரோட்டாரைத் தள்ளி நிலைப் பேட்டின் மேல் அழுத்துகிறது. நிலைப் பேட்டுக்கும் ரோட்டாருக்கும் இடைவெளி கால் மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். தடித்த காகிதம் ஒன்று நுழையும் அளவு. பேட் தேயத் தேய இதைக் கையால் சரிசெய்ய வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள்: லிவர் தளர்ந்ததும் ஒயரை இழுத்து டைட் வைத்துவிடுவார்கள். அப்போது கேலிப்பரின் கை ஏற்கெனவே பாதி தூரம் நகர்ந்த நிலையில் இருந்து தொடங்கும். நெம்புகோலின் பலம் குறையும், பாதி மலையில் பேட் இன்னும் கொஞ்சம் தேய்ந்தால் கை போய் முட்டிக்கொண்டு நின்றுவிடும். பேட் தேய்ந்தால் பேட்டை உள்ளே திருக வேண்டும், ஒயரைத் தொடக் கூடாது. சில கேலிப்பர்களில் அந்தத் திருகுக் குமிழ் பிளாஸ்டிக். சூட்டில் இளகும் பொருள் அது என்பதை வாங்கும்போதே பாருங்கள்.

ஒயரின் மேல் உறையும் முக்கியம். கியர் ஒயரின் உறையை பிரேக்குக்குப் போடக் கூடாது. அதன் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், பலமாகப் பிடித்தால் உறை பிளந்துவிடும். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் அவசரத்தில் மாற்றிப் போடுவது நடக்கிறது.

ஆயில் டிஸ்க்கின் ஆதாயம் சூட்டைத் தாங்குவதில் இல்லை, விரலில் இருக்கிறது. ஒரு விரலால் பிடிக்கலாம், இரண்டு பேட்டும் சமமாக நகரும், தேய்மானத்தை அதுவே ஈடுசெய்துகொள்ளும். இருபது வளைவில் நாலு விரலாலும் அழுத்திக் கை மரத்துப்போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. கை ஓய்ந்தவர்தான் லிவரை விடாமல் தொங்கிக்கொண்டு வருவார், ரோட்டாரைச் சூடேற்றுவார். அந்த வகையில் ஆயில் டிஸ்க் மறைமுகமாகச் சூட்டைக் குறைக்கவும் செய்யும்.

ஆனால் சூடு கேலிப்பருக்குள் ஏறி ஆயில் கொதித்தால் அதில் ஆவிக் குமிழ் உண்டாகும். திரவம் சுருங்காது, ஆவி சுருங்கும். லிவர் அப்படியே கைப்பிடிவரை போகும், பிரேக் இல்லை. இரண்டு தோல்விகளையும் கையாலேயே பிரித்தறியலாம். லிவர் கெட்டியாக இருக்கிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் பேட் சூடு தாங்கவில்லை. லிவரே மெத்தென்று உள்ளே போகிறது என்றால் ஆயிலில் ஆவி அல்லது காற்று. முதலாவதில் ஓரம் கட்டி ஆறவிட்டால் பெரும்பாலும் திரும்பி வரும். இரண்டாவதில் ஆறிய பிறகு லிவர் சரியானதுபோலத் தெரிந்தாலும் ஆயிலை மாற்றாமல் அடுத்த மலைக்குப் போகக் கூடாது.

ஒயரால் இழுத்து, கேலிப்பரிலேயே ஆயில் வைத்த கலப்பு வகையும் உண்டு. ஆயில் முழுவதும் சூட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் அமைப்பு அது. நீண்ட இறக்கத்துக்கென்று தேடி வாங்க வேண்டியதில்லை.

மினரல் ஆயிலா, டாட் ஆயிலா?

இதில் நம் ஊருக்கென்று ஒரு ஆபத்து இருக்கிறது. எந்த பைக் மெக்கானிக் கடையிலும் டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் இருக்கும். ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா போன்ற சைக்கிள் பிரேக்குகள் கேட்பது மினரல் ஆயில். “பிரேக் ஆயில்தானே” என்று ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் சீல்கள் ஊறி உப்பிவிடும்; பிஸ்டன் நகராது அல்லது கசியும். இரண்டு வகைக்கும் சீல் ரப்பரே வேறு. கழுவி எடுத்துச் சரிசெய்ய முடியாது, பிரேக்கையே மாற்ற வேண்டியதுதான். எஞ்சின் ஆயில், பேபி ஆயில் யோசனைகளும் வேண்டாம். லிவர் பக்கத்தில் ஆயில் தங்கும் சின்னத் தொட்டியான ரிசர்வாயரின் மூடியில் எந்த ஆயில் என்று எழுதியிருக்கும். மெக்கானிக்கிடம் கொடுக்கும் முன் அதை நீங்களே காட்டிக் கொடுங்கள்.

கொதிநிலையில் பார்த்தால், டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியும், தண்ணீர் உறிஞ்சிய பிறகு குறைந்தது 155 டிகிரியும் இருக்க வேண்டும் என்பது தரவரையறை. டாட் 5.1-க்கு 260, 180. டாட் ஆயில் காற்றின் ஈரத்தைத் தானாக உறிஞ்சும். அதனால் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது கட்டாயம்; ஐப்பசி, கார்த்திகை மழையில் தினம் ஓட்டுபவர்களுக்கு அதற்கு முன்பேகூட. மினரல் ஆயில் ஈரத்தை உறிஞ்சாது. ஆனால் எப்படியாவது உள்ளே தண்ணீர் புகுந்தால் அது ஆயிலோடு கலக்காமல் கீழே, கேலிப்பரில் போய்த் தங்கும். ரொம்பச் சூடாகும் இடமும் அதுதான், அங்கே தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும். டாட் 5 என்று தனியாக ஒரு சிலிக்கோன் ஆயில் உண்டு, பெயரில் 5.1-ஐ ஒட்டி இருந்தாலும் அதுவும் இதுவும் வேறு.

முடிவு சுலபம். தர்மபுரியில் இருந்துகொண்டு, ப்ளீடிங் (ஆயிலிலிருந்து காற்றை வெளியேற்றுவது) செய்ய ஓசூருக்கோ பெங்களூருக்கோ போக வேண்டியவர் என்றால் மினரல் ஆயில் பிரேக்கை எடுங்கள், ஒரு சின்ன பாட்டில் ஆயிலும் ஊசிக்குழலும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். டாட் பிரேக் கெட்டதல்ல. ஆனால் அது கேட்கும் வருடாந்தரக் கவனிப்பைக் கொடுக்க ஆள் வேண்டும். மேலே சிந்தினால் பெயின்ட்டையும் அரித்துவிடும்.

இன்னொன்று. பங்க்சர் கடையில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்ப்பது வழக்கம். ஆயில் பிரேக்கில் ரிசர்வாயரில் கொஞ்சம் காற்று இருந்தால், கவிழ்த்ததும் அது குழாய்க்குள் ஏறிவிடும். நிமிர்த்தியதும் லிவர் மெத்தென்று போகும். ஓட்டும் முன் சைக்கிளை நேராக நிறுத்தி லிவரைப் பத்திருபது தடவை மெதுவாக அழுத்திவிட்டால் பெரும்பாலும் காற்று மேலே திரும்பிவிடும். சக்கரத்தைக் கழற்றிய நேரத்தில் யாரும் லிவரை அழுத்திவிடாதபடி பேட்களுக்கு நடுவே மடித்த அட்டை ஒன்றைச் செருகி வையுங்கள். இல்லாவிட்டால் பிஸ்டன்கள் ஒட்டிக்கொள்ளும், ரோட்டார் உள்ளே நுழையாது.

160-லிருந்து 180: செலவுக்கு ஏற்ற பலன்

இதனால்தான் ரோட்டாரை முதலில் வைத்தோம். 160-ஐ 180 ஆக்கினால் அதே விரல் பலத்துக்குப் பிடிப்பு 12 முதல் 14 சதவீதம் கூடும். அதைவிட முக்கியம், எஃகின் எடையும் காற்று படும் பரப்பும் கூடுகிறது. மேலே சொன்ன 40-லிருந்து 15 பிடியில் 160 ரோட்டார் 55 டிகிரி ஏறினால், சுமார் 145 கிராம் எடையுள்ள 180 ரோட்டார் 46 டிகிரிதான் ஏறும். ஒயர் டிஸ்க்கோ ஆயில் டிஸ்க்கோ, பலன் ஒன்றுதான். பிரேக்கை மாற்றத் தேவையில்லை. ரோட்டாரும், கேலிப்பரை வெளியே தள்ளி வைக்கும் 20 மில்லிமீட்டர் அடாப்டரும், அதற்கேற்ற நீள போல்ட்டும் போதும்.

முன் சக்கரத்துக்கு மட்டும் செய்தால் போதும். பின்னால் எடை குறைவு. பெரிய ரோட்டார் போட்டால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும், அவ்வளவே. ஆனால் ஃபோர்க் எந்த அளவு ரோட்டார்வரை தாங்கும் என்று அதன் தயாரிப்பாளர் வரம்பு வைத்திருப்பார். அதைத் தாண்டக் கூடாது. 203 மில்லிமீட்டர் ரோட்டார் ஆசை வந்தால் முதலில் அந்த வரம்பைப் பாருங்கள்.

பூட்டும்போது ஆறு போல்ட் வகை என்றால் டி25 நட்சத்திரச் சாவி வேண்டும். ஒன்றைவிட்டு ஒன்றாக, எதிரெதிராக இறுக்குங்கள்; கம்பெனியைப் பொறுத்து 4 முதல் 6 நியூட்டன்-மீட்டர். நடுவில் ஒரே வளையத்தால் பூட்டும் சென்டர்லாக் வகைக்கு 40. கேலிப்பரைத் தளர்த்தி, லிவரை இறுகப் பிடித்துக்கொண்டே அதன் இரண்டு போல்ட்டுகளையும் மாறி மாறி இறுக்கினால் தானாக நடுவில் வந்து நிற்கும். குயிக் ரிலீஸ் அச்சு உள்ள ஃபோர்க்கில், முன் டிஸ்க் பிடிக்கும்போது அச்சைக் கவைக்கு வெளியே தள்ளும் விசை வரும். மலை ஏறியதும் இறங்கும் முன் அந்தப் பிடியைக் கையால் சோதிப்பதைப் பழக்கமாக்குங்கள்.

நடுவில் அலுமினியம் வைத்து இருபுறமும் எஃகு போர்த்திய ரோட்டார்கள் சூட்டை விரைவாகக் கடத்தும், நல்லவைதான். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அந்த எல்லையை எட்டும் அளவு எடையோடும் விடாப்பிடியோடும் இறங்குகிறவருக்கு வெறும் எஃகுப் பெரிய ரோட்டாரே பொருத்தம்.

ரெசினா, மெட்டலா?

ரெசின் பேட் ஆறியிருக்கும்போதே நன்றாகப் பிடிக்கும், சத்தம் குறைவு, ரோட்டாரைத் தின்னாது. ரொம்பச் சூடானால் அதிலுள்ள பிசின் ஆவியாகி, பேட்டுக்கும் ரோட்டாருக்கும் நடுவே ஒரு படலம்போல வரும், பிடிப்பு நழுவும். ஆறிய பிறகு பேட்டின் முகம் கண்ணாடிபோல மினுங்கும். மழையும் செம்மண் சேறும் சேர்ந்தால் ரெசின் மிக வேகமாகக் கரையும்.

மெட்டல் பேட் சூட்டுக்கு அஞ்சாது, சேற்றிலும் நீண்ட நாள் உழைக்கும். முதல் சில பிடிகளில் கொஞ்சம் மந்தமாக இருக்கும், கத்தும். அது சூட்டை பிஸ்டன் பக்கம் அதிகமாகக் கடத்தும் என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஆயில் பிரேக்கில் அது ஒரு கழித்தல். ஒயர் பிரேக்கில் பின்னால் கொதிக்க எதுவும் இல்லையாதலால் கழித்தலே இல்லை. எனவே ஒயர் டிஸ்க்கும் மெட்டல் பேட்டும் நல்ல ஜோடி. இதைச் சொல்லித் தருகிற கடைக்காரர்கள் குறைவு.

ஒரு தடை உண்டு: விலை குறைந்த ரோட்டார்கள் பலவற்றில் ‘ரெசின் பேட் ஒன்லி’ என்று மேலேயே பொறித்திருக்கும். அந்த எஃகு மென்மையானது. மெட்டல் பேட் போட்டால் விரைவில் தேய்ந்துவிடும். 180-க்கு மாறும்போதே இந்தப் பொறிப்பு இல்லாத ரோட்டாராக வாங்கிவிட்டால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்.

புது பேட் போட்டதும் நேராக மலைக்குப் போகாதீர்கள். சமதளத்தில் மணிக்கு 20 கிலோமீட்டரிலிருந்து நடை வேகம்வரை சீராகப் பிடித்து இருபது தடவை, பிறகு 30-லிருந்து பத்துத் தடவை. ஒவ்வொரு பிரேக்கையும் தனித்தனியாக. சக்கரம் பூட்டக் கூடாது. பேட்டின் மெல்லிய படிவு ரோட்டாரில் சீராக ஒட்டினால்தான் முழுப் பிடிப்பு வரும். செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது ஒரு துளி ரோட்டாரில் தெறித்தாலும் பேட் பாழ். ரோட்டாரைத் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். மண்ணெண்ணெயும் டீசலும் எண்ணெய்ப் பிசுக்கை விட்டுச் செல்பவை.

எந்த ரோட்டுக்கு எது?

கிருஷ்ணகிரிக்கு மேற்கே மேலுமலையில் தேசிய நெடுஞ்சாலை அகலமாக, நீண்ட வளைவுகளோடு இறங்குகிறது. வேகத்தை விட முடிவதால் காற்றே பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். அங்கே ரோட்டார் சூடு பெரிய கவலை இல்லை, பக்கத்தில் வரும் கன்டெய்னர்தான் கவலை. இருக்கிற 160 ரெசின் பிரேக் சரியாகப் பூட்டியிருந்தால் போதும். தொப்பூரும் அதே வகை. ஆனால் பிரேக் போன லாரி பின்னால் வரக்கூடிய ரோட்டில் சைக்கிளுக்கு என்ன வேலை என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

பெண்ணாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் காட்டுப் பாதையில் வளைவுகள் உண்டு, குரங்குகளும் உண்டு. திடீர்ப் பிடிகள் வரும், நடுவில் ஆறவும் இடம் கிடைக்கும். ஒயர் டிஸ்க், 160, நல்ல பேட் போதும். பையோடு போகிறவர் முன்னால் 180 போட்டுக்கொள்ளலாம்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி இறங்குவது யானை நடமாடும் காடு. வளைவுக்கு அப்பால் என்ன நிற்கிறது என்று தெரியாததால் வேகத்தை விட முடியாது, காற்றின் உதவியும் கிடைக்காது. வத்தல்மலை குறுகலும் செங்குத்துமாக, வளைவு முடிவதற்குள் அடுத்த வளைவு. இந்த இரண்டுக்கும் முன்னால் 180 ரோட்டாரும் மெட்டல் பேட்டும் இருந்தாக வேண்டும் என்பது எங்கள் கருத்து; அதற்குமேல் ஆயிலா ஒயரா என்பது உங்கள் விரலின் வலிமையையும் பையின் கனத்தையும் பொறுத்தது. 100 கிலோவுக்கு மேல் மொத்த எடை என்றால் மினரல் ஆயில் பிரேக்குக்குச் செலவு செய்வதில் தவறில்லை, ஆனால் 180-ஐத் தவிர்த்துவிட்டு 160-லேயே ஆயில் டிஸ்க் போடுவது தலைகீழான செலவு.

இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள், சூடு இரண்டு ரோட்டாருக்கும் பிரியும். முன்னதைக் கண்டு பயந்து பின்னதை மட்டுமே பிடிப்பவர் முழுச் சூட்டையும் ஒரே தட்டில் கொட்டுகிறார். வளைவுக்கு முன் நேராக இருக்கும்போதே அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் முழுவதும் விட்டுவிடுங்கள். கருகல் வாடை வந்தாலோ லிவரின் தன்மை மாறினாலோ நிற்க வேண்டும். நின்ற பிறகு லிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். சூடான ரோட்டாரைப் பேட் கவ்வியிருந்தால் சூடு முழுவதும் கேலிப்பருக்குள் ஏறும், ஓடும்போது கொதிக்காத ஆயில் நின்ற பிறகு கொதிக்கும். சைக்கிளைக் கல்லில் சாய்த்துவிட்டு, லிவரை விட்டுவிட்டு, பத்து நிமிடம் காத்திருங்கள். பாட்டில் தண்ணீரை ரோட்டாரில் ஊற்றினால் ஒரு பக்கம் சட்டென்று சுருங்கித் தட்டு வளைந்துவிடும். விரலால் தொட்டுப் பார்க்கவும் வேண்டாம். தோல் ஒட்டிக்கொள்ளும் சூடு அது.

வீட்டுக்கு வந்ததும் மறுநாள் காலையில் பாருங்கள். ரோட்டாரில் நீலமோ பழுப்போ படிந்திருந்தால் அது நிறைய வெந்திருக்கிறது என்று அர்த்தம். நேராக இருக்கிறதா என்று சக்கரத்தைச் சுழற்றிச் சோதியுங்கள். பேட்டில் உராயும் பொருள் 0.5 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும். புதிதில் 1.8 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஷிமானோ ரோட்டார் 1.5-க்கு வந்ததும் அதன் வேலை முடிந்தது. மெல்லிய தட்டு சூட்டைத் தேக்கவும் வக்கில்லாமல், வளையவும் தயாராக இருக்கும். ஸ்க்ரூ கேஜ் இல்லையென்றால் எந்த லேத் பட்டறையிலும் அரை நிமிடத்தில் அளந்து சொல்லிவிடுவார்கள்.